ஓய்வுநாளுக்கு எடுத்த முற்றம்

ஜெருசலேம், பழைய நகரம்
தெவேத் 20 (ஜனவரி 13, 1985)
இறைவன் துணை

அன்புள்ள பெர்த்தா அக்காவுக்கு,

எல்கானா எழுதுவது. நானும் யிஸ்காவும் எட்டு மாதக் குழந்தை நோகாவும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? புயனோஸ் ஐரெஸில் இப்போது வெயில் கொளுத்தும். இங்கே குளிரில் பேனா பிடிக்க விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் சங்கம் கொடுத்த வீடு. நடுவில் கல் முற்றம், சுற்றி மூன்று குடித்தனம். கீழே நாங்களும் திரோரி குடும்பமும். மாடியில் நஸ்மியா என்று ஒரு அரபு விதவை, அறுபது வயதிருக்கும், தையல் வேலை செய்கிறாள்.

வந்ததும் ஒரு சிக்கல். சபாத் அன்று, அதாவது சனிக்கிழமை ஓய்வுநாளில், வீட்டுக்குள்ளிருந்து பொது முற்றத்துக்கு எதையும் தூக்கிப் போகக் கூடாது, கைக்குழந்தையைக்கூட. நீ இதையெல்லாம் மறந்திருப்பாய். முற்றத்தில் யூதரல்லாத ஒருவரும் குடியிருந்தால், அவருக்கு அதில் உள்ள உரிமையை அவரிடமே வாடகைக்கு வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் தூக்கலாம். ஊர் முழுமைக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு இருக்கத்தான் இருக்கிறது, எங்கள் மதகுரு, ரபி, அதை ஏற்பதில்லை. முற்றத்துக்குத் தனியாக வாங்கச் சொன்னார். மாடிக்குப் போனேன்.

"எதை வாடகைக்குக் கேக்கறே?" என்றாள்.

"முற்றத்துல உங்களுக்கு இருக்கற உரிமையை. சனிக்கிழமைக்கு மட்டும்."

"அன்னிக்கு நான் எங்கே போறது?"

"எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருங்க."

"நானும் இருப்பேன், நீயும் இருப்பே, பேருக்கு மட்டும் உன்னோடது. எத்தனை பேர் உக்காந்து படிச்சு இதைக் கண்டுபிடிச்சீங்க?"

காசு வேண்டாம், ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வா என்றாள். வாய்ப்பேச்சே போதும் என்றார் ரபி. எனக்கு மனசு கேட்கவில்லை. எதையும் எழுதி வாங்கு என்று இருபது வருடம் என் காதைக் குடைந்த பத்திரப்பதிவுக்காரி நீ. இரண்டு பிரதி எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவளிடம் கொடுத்தேன். இப்போது சனிக்கிழமைகளில் யிஸ்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெபக்கூடத்துக்கு வருகிறாள். பார்க்க நிறைவாக இருக்கிறது.

பதில் எழுது. உன் தம்பி,
எல்கானா

*

புயனோஸ் ஐரெஸ், பிப்ரவரி 4

தம்பி இசிதோரோவுக்கு,

எல்கானா என்று எனக்கு யாரையும் தெரியாது. அம்மா வைத்த பெயரில் எழுதுகிறேன், தபால்காரன் எப்படியோ கண்டுபிடித்துக் கொடுக்கட்டும். முட்டி அப்படியேதான் இருக்கிறது. யிஸ்காவைக் கேட்டதாகச் சொல். குழந்தையின் படம் அனுப்பு.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துச் சிரித்தேன். என் குமாஸ்தா என்ன மேடம் என்று கேட்டான், சொல்ல வெட்கமாக இருந்தது. உலகத்தைப் படைத்த கடவுள், ஒரு கிலோ சர்க்கரைக்கு மசிந்து கண்ணை மூடிக்கொள்கிறார். அந்தக் கிழவி உங்கள் எல்லோரையும்விடப் புத்திசாலி.

ஒன்று மட்டும் சொல். அவள் யாருடைய வாடகைக்காரி? சங்கம் கொடுத்த வீடு என்கிறாய், சங்கத்துக்கு யார் கொடுத்தது?

உடம்பைக் கவனித்துக்கொள். குளிரில் தலையை மூடு, எப்படியும் மூடித்தானே வைத்திருக்கிறாய்.

அக்கா,
பெர்த்தா

*

ஜெருசலேம், அதார் 5 (பிப்ரவரி 26)
இறைவன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். நோகாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. படம் இதோடு இருக்கிறது.

நீ சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கிற இடத்தில்தான் நீ இருக்கிறாய். அப்பாவின் பொத்தான் கடைக் கதவில் "ரஷ்யாக்காரா, உன் வீட்டுக்குப் போ" என்று தாரில் எழுதினானே, அவன் யார் என்று தெரு முழுக்கத் தெரியும். இன்றைக்கும் அவன் பேக்கரியில்தான் நீ ரொட்டி வாங்குகிறாய். அங்கேயே பிறந்து, அவர்கள் மொழியிலேயே கனவு கண்டு, அவர்கள் கால்பந்துக்கு அழுது, கடைசியில் எல்லோருக்கும் நாம் ரஷ்யாக்காரர்கள். ரஷ்யாவை நம் தாத்தாவே ஐந்து வயதுவரைதான் பார்த்தார். அவன் வீட்டுக்குப் போகச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்தேன். நீ அவனிடம் சில்லறை வாங்கி எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். முப்பத்தாறில் நடந்த அரபுக் கலவரம்வரை இது யூத அறக்கட்டளை ஒன்றின் வீடு. நம்மவர்கள் உயிருக்குப் பயந்து ஓடிய வீடு. அப்படிப்பட்ட வீடுகளை மீட்பதுதான் எங்கள் சங்கத்தின் வேலை. பத்திரம் இருக்கிறது, உன் தொழில்படி பார்த்தாலும் நூற்றுக்கு நூறு சுத்தம். மாடிக்காரி விஷயத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அது கோர்ட் சமாச்சாரம், எனக்கெதற்கு?

உன் தம்பி,
எல்கானா

*

புயனோஸ் ஐரெஸ், மார்ச் 20

தம்பி இசிதோரோவுக்கு,

குழந்தை அம்மாவின் மூக்கோடு பிறந்திருக்கிறது, பாவம். யிஸ்காவுக்கு இருமல் என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தாயே, சரியாயிற்றா?

அந்த பேக்கரியில் ரொட்டி நன்றாக இருக்கிறது, அதனால் வாங்குகிறேன். அவனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, ஏழாயிரம் மைல் தள்ளிப் போய், அங்கே ஒரு தையல்காரியிடம் வீரம் காட்டுவதைவிட இது மேல்.

"சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பது என்ன பாஷை? துரத்தப் போகிறீர்கள் என்று சொல்ல வாய் கூசுகிறதா? சுத்தமான பத்திரத்தைப் பற்றி என்னிடம் பேசாதே. முப்பது வருடமாகப் பத்திரம் பார்க்கிறவள் நான், காகிதம் எதையும் சொல்லும். அவள் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டாயா? வானத்திலிருந்து மாடியில் குதித்தாளா?

இன்னொன்று. அவளுக்கு அங்கே உரிமை இல்லை என்று உன் சங்கம் வழக்குப் போடுகிறது. நீ மாடியேறிப் போய் அவள் உரிமையை வாடகைக்குக் கேட்டு, அதை எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறாய். இல்லாததை வாடகைக்கு வாங்க நம் வீட்டில் உன்னால்தான் முடியும். அந்தக் காகிதம் வெளியே வந்தால் உன் கதி என்ன என்று யோசித்தாயா?

அக்கா,
பெர்த்தா

*

ஜெருசலேம், நிசான் 25 (ஏப்ரல் 16)
இறைவன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா நன்றாகப் போயிற்று. யிஸ்காவுக்கு இருமல் போய்விட்டது. நீ தனியாக இருந்தாயா, யாராவது கூப்பிட்டார்களா?

காகிதம் வெளியே வந்துவிட்டது. உன் வாய் முகூர்த்தம்.

நஸ்மியாவின் வக்கீல் அதைக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். சங்கத்து ஆஷெர் நேராக வீட்டுக்கு வந்துவிட்டான். குழந்தை தூங்குகிறது என்று யிஸ்கா சொல்லச் சொல்லக் கத்தினான்.

"ஏன்டா, அறிவிருக்கா? பதினோரு வருஷக் கேஸ். ஒரு கிலோ சர்க்கரையில கவுத்துட்டியே."

"ரபி சொன்னார், வாங்கினேன்."

"வாய்ல கேக்கச் சொன்னார். உன்னை எவன் எழுதச் சொன்னான்?"

அதற்கு நான் என்ன சொல்ல? அக்கா பத்திரப்பதிவுக்காரி என்றா?

இப்போது நான் சாட்சிக் கூண்டில் ஏறி, அது வெறும் மதச் சடங்கு, பொம்மை விளையாட்டு மாதிரி, அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும், என்று சொல்ல வேண்டுமாம். ரபியிடம் போனேன். அப்படிச் சொல்ல இடமிருக்கிறது, இந்த வாடகை லேசான வாடகை, உண்மை வாடகைக்கு உள்ள கனம் அதற்கு வேண்டியதில்லை என்றார். "அவளுக்கு உரிமையே இல்லைன்னா நான் வாங்கினது என்ன?" என்று கேட்டேன். "நீ ரொம்பப் படிக்காதே" என்றார்.

நான் படிப்பை நிறுத்தவில்லை. காகிதம் பொய் என்றால் இத்தனை சனிக்கிழமையும் என் பெண்டாட்டியை, குழந்தையைக் கையில் கொடுத்து, சபாத்தை மீற வைத்தவன் நான். காகிதம் மெய் என்றால் முப்பத்தாறில் ஓடியவர்களின் வீட்டை நானே கையெழுத்துப் போட்டுத் தாரை வார்த்தவன். எப்படிப் பார்த்தாலும் நான்தான் அயோக்கியன்.

நீ கேட்டதைக் கேட்டேன். அவள் கத்தமோனில் பிறந்தவள். ஊரின் மேற்குப் பக்கம். நாற்பத்தெட்டுப் போரில் அங்கிருந்து ஓடி வந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறாராம். அதைத் திருப்பிக் கேட்க அவளுக்குச் சட்டம் இல்லை, இதைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு இருக்கிறது. நான் எழுதிய சட்டமா?

விசாரணை செப்டம்பர் இரண்டு.

உன் தம்பி,
எல்கானா

*

புயனோஸ் ஐரெஸ், மே 6

இசிதோரோ,

பாஸ்காவுக்கு யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். நலமாக இருக்கிறேன்.

கூண்டில் ஏறி அதைச் சொல்லாதே. வேறு எந்த மடத்தனம் வேண்டுமானாலும் செய், தாடியை முழங்கால்வரை வளர்த்துக்கொள், நான் கேட்க மாட்டேன். போட்ட கையெழுத்தைப் போட்டவனே சும்மா என்று சொல்கிற கேவலம் மட்டும் நம் வீட்டில் வேண்டாம்.

இரண்டாயிரம் வருடமாக ஒரு ஊரிலும் காலூன்ற விடாமல் விரட்டினார்கள் என்று பாடப் பாட வளர்ந்தோம். ஒவ்வொரு முறையும் எவனோ ஒருவன் கையில் ஒரு காகிதம் இருந்தது, சட்டப்படி சுத்தமான காகிதம். இப்போது காகிதம் நம் கைக்கு வந்ததும் நமக்கும் அதே எழுத்துதான் வருகிறது. இதற்கா ஒரு நாடு? இதை நீ புயனோஸ் ஐரெஸிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம், கப்பல் கூலி மிச்சம்.

யிஸ்காவையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

பெர்த்தா

*

ஜெருசலேம், சிவான் 8 (மே 28)
இறைவன் துணை

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

நீ இப்படி எழுதாமல் இருந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். கபாயித்தோ பேட்டையில் பெல்லூச்சி என்பவரின் வீடு. எழுபத்தேழு ஆகஸ்ட், ராணுவ ஆட்சி. சாகிறதற்கு முன்னால் அப்பா என்னிடம் சொன்னார், உன்னிடம் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். அதனால்தான் எட்டு வருடம் கேட்கவில்லை. ராணுவம் பிடித்துக்கொண்டு போன மனிதரின் வீட்டை வேறொருவன் பேருக்கு மாற்றிய பத்திரத்தில் யார் முத்திரை, அக்கா?

கையெழுத்தைப் பற்றி, துரத்தப்பட்டவர்களைப் பற்றி, நம் வீட்டுக் கேவலத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். நான் இன்னும் கூண்டில் ஏறவில்லை. உன் பத்திரம் பதிவாகி எட்டு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், பல் டாக்டரா?

எல்கானா

*

ஜெருசலேம், ஆவ் 3 (ஜூலை 21)
இறைவன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால் தொலைந்ததா? பக்கத்து வீட்டு ரெஹினாவுக்கு போன் போட்டேன், நீ தினமும் ஆபீஸ் போவதாகச் சொன்னாள். உயிரோடு இருக்கிறாய், அதுவரை சரி.

நோகா சுவரைப் பிடித்து நிற்கிறாள். முற்றத்தில் அவளைப் பார்த்தால் நஸ்மியா மேலிருந்து துணித் துண்டுகளைப் பொம்மை மாதிரி முடிந்து போடுகிறாள். என்னைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு வரி. மனப்பாடம் ஆகிவிட்டது. திட்டியாவது எழுது.

உன் தம்பி,
எல்கானா

*

புயனோஸ் ஐரெஸ், ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

தபால் தொலையவில்லை. நான்தான் எழுதவில்லை. ஐந்து முறை உட்கார்ந்து, ஐந்து முறையும் உன்னைத் திட்டித்தான் ஆரம்பித்தேன். அது சுலபமாக வருகிறது.

அந்த மனிதர் ஓவர்கோட் போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. ஆகஸ்ட் குளிர், வெறுங்கால். இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒருவன் என்னைப் பார்த்து, "சீக்கிரம் முடிங்க மேடம், சாருக்கு ஊருக்குப் போகணும்" என்றான். பெல்லூச்சி கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டையில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. "என் முன் தம் சொந்த விருப்பத்தின்பேரில் ஆஜராகி" என்று எழுதி முத்திரை வைத்தேன். போகும்போது அவர் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை இல்லை. இவள்தானா என்று பார்த்த பார்வை.

பயந்தேன். இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். உண்மைதான், பயந்தேன். ஆனால் போன வருடம் அதிகாரிகள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இந்த ஆளை நினைவிருக்கிறதா?" என்று கேட்டபோது துப்பாக்கி யாரிடமும் இல்லை. ராணுவ ஆட்சி போய், நாட்டில் தேர்தல் நடந்துவிட்டது. தெருவில் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன்: "கையெழுத்து ஒத்துப்போனதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மற்றது வெறும் வாசக அமைப்பு, எல்லாப் பத்திரத்திலும் இருக்கும்." உடனே நம்பிவிட்டார்கள். ஒரு அதிகாரி என் கையைக் குலுக்கி நன்றிகூடச் சொன்னார்.

அதுதான் தம்பி. வெறும் சடங்கு, வெறும் வாசகம். நான் சொன்னதைத்தான் உன் வக்கீல் உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். உன்னிடம் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்கிறாய். இல்லைதான். ஆனால் இந்தக் கூண்டில் ஏறி இறங்கியவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான், அதனால் சொல்கிறேன். சொன்ன பிறகு எல்லோரும் உன்னோடு சுமுகமாகத்தான் இருப்பார்கள். உனக்குத்தான் உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காது. பிறகு வாழ்நாள் முழுக்க மற்றவர்களை ஏளனம் செய்துகொண்டு ஓட்டலாம், நான் ஓட்டுகிற மாதிரி.

மகளின் விலாசம் என்னிடம் இருக்கிறது. இன்னும் போகவில்லை.

குழந்தைக்கு முத்தம்.

பெர்த்தா

*

ஜெருசலேம், எலூல் 22 (செப்டம்பர் 8)
இறைவன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

பிறக்கப்போகும் நம் புது வருடத்தில் உன் பெயர் நல்லவர்கள் பக்கத்தில் எழுதப்படட்டும். உன் முட்டிக்கு யிஸ்கா ஒரு எண்ணெய் அனுப்புகிறாள்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் வக்கீல் கேட்டார்: "இது உண்மையான வாடகையா, மதச் சடங்கா?" மனப்பாடம் செய்த நாலு வரியும் தொண்டைவரை வந்தது. நஸ்மியா முன்வரிசையில் இருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை, கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "உண்மையான வாடகை" என்றேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். நீதிபதி குனிந்து கேட்டார்.

"அவங்களுக்குக் கொடுக்கற உரிமை இருந்ததா?"

"இருந்தது. இல்லேன்னா நான் ஏன் கேக்கப் போறேன்?"

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி, நோகாவைத் தூக்கிய சனிக்கிழமைகளைப் பொய்யாக்க மனசு வரவில்லை. மீதிப் பாதி எது என்று எனக்கே தெரியவில்லை. தீர்ப்பு பண்டிகைகளுக்குப் பிறகு. கேஸ் போயிற்று என்று வக்கீல் அங்கேயே சொல்லிவிட்டார். ஆஷெர் வாசலில் நின்று, "உனக்கு அர்ஜென்டினாதான்டா லாயக்கு" என்று துப்பினான். என் காலடியில் விழுந்தது. டிசம்பருக்குள் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். திரோரி வீட்டில் எங்களோடு பேசுவதில்லை. யிஸ்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் சூப் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். காபி கொடுப்பாள் என்றுகூட நினைத்தேன். கதவைப் பாதி திறந்து, கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"கோர்ட்ல... கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். இருக்கறதை இருக்குன்னு சொன்னே. அதுக்கு நான் உன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணுமா?"

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்படி? பதினோரு வருஷம் என்னைத் திருடின்னு சொன்ன கூட்டம். ஒரு நாள் வாய் தவறி உண்மை சொன்னதும் படியேறி வந்து நிக்கறே."

போகத் திரும்பினேன். கூப்பிட்டாள்.

"முற்றம் என்னோடதுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னே இல்லே?"

"ஆமா."

"என்னோடதுன்னா நான் தரலாம், தராமலும் இருக்கலாம். இனிமே தரலை. நாளையிலிருந்து இல்லை."

கதவைச் சாத்திவிட்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டால் வாடகை முடிந்தது, நம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதைப் பத்து பக்கம் படித்திருக்கிறேன். யாராவது அதை உண்மையிலேயே செய்வார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

யிஸ்காவிடம் சொன்னேன். நகரத்து ஏற்பாடு இருக்கிறதே, ஊரே அதை நம்பித் தூக்குகிறதே என்றாள். அதுவும் சரிதான். ரபியிடம் கேட்டால் இந்தத் தடவை ஒப்புக்கொண்டிருப்பார். நான் கேட்கப் போகவில்லை.

நேற்று சனிக்கிழமை. யிஸ்கா குழந்தையோடு வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள். நோகா வெளியே கையை நீட்டி அழுதாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது, தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் எட்டிப் பார்க்கவில்லை. நான் சட்டைப்பையைத் தடவி, ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வெறும் கையோடு முற்றத்தில் இறங்கினேன். அடுத்தவர் வீட்டு வழியாகப் போகிறவன் நடக்கிற மாதிரி, ஓரமாக நடந்து போனேன்.

உன் தம்பி,
எல்கானா